காரணம் எழுதும் கட்டம்

வேலைக்கு ஆள் தேவைன்னு விளம்பரம் எழுதுறதைப் போல எரிச்சல் பிடிச்ச வேலை வேற இல்லைங்க. விளம்பரத்தை நம்பி விண்ணப்பம் போட்டு, பதிலே வராம வாசலைப் பார்த்துக்கிட்டு இருந்தவங்க உங்கள்ல எத்தனையோ பேர் இருப்பீங்க. அதை எழுதினவளும் நிம்மதியா இருக்கலைன்னு தெரிஞ்சுக்கோங்க.

கண்டிக்குப் பக்கத்துல பல்லேகலையில ஒரு கார்மன்ட்ஸ். அங்க ஆள் சேர்க்கிற பிரிவுல பதினொரு வருஷமா இருக்கேன். எங்க உடுப்பை வாங்குற வெளிநாட்டுக் கம்பனி ஒரு விதி வச்சிருக்கு. ஒவ்வொரு விளம்பரத்துக்கும் ஒரு படிவம் நிரப்பி பைல்ல வைக்கணும். என்ன நிபந்தனை, யார் கேட்டாங்க, என்ன காரணம். காரணத்தை மட்டும், கேட்டவர் சொன்ன வார்த்தையிலேயே எழுதணும். கீழே நானும் மெனேஜரும் கையெழுத்து. நாங்க தொழில் சட்டத்தை மதிச்சு நல்லெண்ணத்தோட நடக்கிறோம்ங்கிறதுக்கு அதுதான் அத்தாட்சியாம். நல்லெண்ணம்! வாயில ஏதாவது வந்துடும் எனக்கு.

முழு உருவப் படம்

என் பக்கத்துக் கதிரைக்கு ஒரு கிளார்க் தேவைப்பட்டுச்சு. பைல் அடுக்கணும், கணினியில பதியணும், அவ்வளவுதான். மெனேஜர் மனோகரன் சேர், "கவர்ச்சியான தோற்றம்னு போடுங்க, முழு உருவப் படமும் கேளுங்க"ன்னாரு. ஜன்னல்கூட இல்லாத அறைங்க அது. பைலுக்குக் கண்ணா இருக்கு?

கம்பளைக்கு மேல ஒரு தேயிலைத் தோட்டத்துல இருந்து தர்ஷினின்னு ஒரு பிள்ளை விண்ணப்பிச்சிருந்தா. உயர்தரம் பாஸ், கணினி டிப்ளோமா, தமிழும் சிங்களமும் முத்து முத்தா எழுதுவா. வந்ததுலேயே அவதான் பொருத்தம். சேர் படத்தை மட்டும் பார்த்துட்டு ஓரமாத் தள்ளினாரு. எனக்குப் பத்திக்கிட்டு வந்துச்சு. ஆனா என்ன செஞ்சேன்? பேனாவைத் திறந்து காரணம் கேட்டேன். நான் எழுதி, அவர் போன்ல பேசிக்கிட்டே வாசிக்காமக் கையெழுத்துப் போட்ட வரி இது: "பிள்ளை கறுப்பு மிஸ், வெள்ளைக்காரங்க வந்து போற இடம்."

கண்டி எல்லைக்குள்

அவர் எடுத்த அழகான முகம் மூணு மாசத்துல வங்கி வேலை கிடைச்சுப் போயிடுச்சு. மறுபடியும் விளம்பரம். இந்தத் தடவை, "கண்டி மாநகர எல்லைக்குள் வசிப்பவராக இருத்தல் வேண்டும்"னு போடச் சொன்னாரு. தூரத்துல இருந்து வந்தா சுணங்குமாம். இவரு பக்கத்துல இருக்கிற கட்டுகஸ்தோட்டையில இருந்து கார்ல வந்தே தினமும் பத்து மணி ஆக்குறவரு.

"உண்மையான காரணத்தைச் சொல்லுங்க சேர், எழுதணும்"னேன். "தோட்டத்துப் பிள்ளைகள் வேண்டாம்னு நேரா எழுத முடியாதே, அதான் இப்படி"ன்னாரு. எழுதினேன். நான் பொறந்ததே தோட்டத்து லயத்துலதாங்க, அது அவருக்கும் தெரியும். என் மூஞ்சி மாறினதைப் பார்த்துட்டுச் சிரிச்சுக்கிட்டே சொன்னாரு: "உங்களைச் சொல்லல மிஸ், நீங்கதான் இப்ப நம்ம ஆளாச்சே."

திருமணமாகாதவர்

அடுத்து வந்தவ பிரசவ லீவுல போனா. மூணாவது விளம்பரம். அதுக்குள்ள தர்ஷினி என்ன செஞ்சிருக்கா தெரியுமா? கல்யாணம் முடிச்சு, புருஷனோட கண்டியில ஒரு அறையை வாடகைக்குப் பிடிச்சிருக்கா. இந்த வேலைக்காகவே டவுனுக்கு வந்தேன்னு விண்ணப்பத்தோட ஒரு கடிதம் வேற. அதை நான் வாசிச்சுக்கிட்டு இருக்கும்போதே, சேர் விளம்பரத்துல இல்லாத ஒரு நிபந்தனையைக் கிளப்புறாரு. கல்யாணம் ஆகாதவங்களை மட்டும் எடுக்கணுமாம்!

விளம்பரத்தைத் திருத்தி மறுபடி போடச் சொன்னாரு. முடியாதுன்னு சொல்லியிருக்கணும். சொல்லல. என் வேலையும் போயிடுமேன்னு பயம். எழுதிக் குடுத்தேன். கேட்ல வந்து நின்ன தர்ஷினிகிட்ட, "திருமணமாகாதவங்க மட்டும்தான்மா"ன்னு நானே போய்ச் சொன்னேன். அவ திரும்பி நடந்துட்டா. அவ போனதுக்கப்புறம் படிவத்துல எழுதினது: "இவளுகளுக்கு லீவு குடுக்கவா கம்பனி நடத்துறோம்?"

தமிழ் வாசிக்கிற அம்மா

வருஷா வருஷம் அந்த வெளிநாட்டுக் கம்பனிக்காகப் பரிசோதனைக்கு வர்றவங்க தமிழ் தெரியாததால படிவத்தைச் சும்மா புரட்டிப் பார்த்து, கையெழுத்து இருக்கான்னு எண்ணிட்டுப் போயிடுவாங்க. அந்த தைரியத்துல சேர், "எங்ககிட்ட ஒளிவு மறைவே கிடையாது"ன்னு பைலைத் தானே தூக்கிக் குடுத்தாரு. இந்த வருஷம் கொழும்புல இருந்து வந்தவங்க ஒரு யாழ்ப்பாணத்து அம்மா.

அவங்க கண்ணாடியைப் போட்டுக்கிட்டு மூணு படிவத்தையும் வரி வரியா வாசிச்சாங்க. "இது உங்கட கையெழுத்துத்தானே?"ன்னு கேட்டாங்க. சேருக்கு வேர்த்துக் கொட்டுது. எனக்கு உள்ளுக்குள்ள எவ்வளவு சந்தோஷம்னு சொல்ல வெக்கமா இருக்கு. கடைசியில அவர் தன்னைக் காப்பாத்திக்கச் சொன்னது: "மேடம், இதையெல்லாம் வாசிச்சா கையெழுத்துப் போடுவாங்க?"

பக்கத்துக் கதிரை

மூணு நிபந்தனையையும் நீக்கணும், தள்ளி வச்சவங்களைத்தான் முதல்ல கூப்பிடணும்னு வெளிநாட்டுக் கம்பனியில இருந்து உத்தரவு வந்துச்சு. தர்ஷினி வந்தா, அஞ்சு மாச வயித்தோட. இன்னும் காலியாவே கிடந்த அந்தக் கதிரையில அவ உட்கார்ந்தப்ப, ஏதோ நானே போராடி வாங்கிக் குடுத்த மாதிரி எனக்கு ஒரு பெருமை.

முதல் வேலையா அந்த பைலைத்தான் குடுத்தேன், பதிஞ்சு வைன்னு. மூணு படிவத்தையும் நிதானமா வாசிச்சா. நன்றி சொல்லுவான்னு வெக்கமில்லாமக் காத்துக்கிட்டு இருந்தேன். பைலை மூடி என் பக்கம் தள்ளிட்டுக் கேட்டா: "சேரோட காரணம் மூணுலயும் இருக்கு மிஸ், நீங்க கையெழுத்துப் போட்ட காரணத்தை எங்க எழுதியிருக்கீங்க?"

பதினொரு வருஷமா அடுத்தவங்க காரணத்தை அட்சரம் பிசகாம எழுதி வச்ச எனக்கு, என் காரணத்துக்குன்னு ஒரு கட்டம் கேட்கணும்னு ஒருநாளும் தோணல பாருங்க.