சோற்றுப் பானையில் இரண்டு கிழங்கு

நேற்று மாலை உலை கொதிக்கத் தொடங்கியதும், அரிசியோடு போட்டிருந்த ஒற்றை உருளைக்கிழங்கு பானையின் சுவரில் முட்டத் தொடங்கியது. டொக், டொக் என்று ஒரே சத்தம். பூநகரியில் எனக்குக் கிடைத்திருக்கும் இந்த ஆசிரியர் விடுதியில் பின்னேரமானால் மனிதக் குரல் கேட்பது அருமை. காற்று இருக்கிறது, எப்போதாவது ஒரு பஸ் போகும். யாரோ வாசல் படலையைத் தட்டுகிறார்கள் என்று நினைத்து எட்டிப் பார்த்தேன் என்றால் நீங்கள் சிரிப்பீர்கள். சிரியுங்கள். படலையில் ஒருவரும் இல்லை.

கிழங்கைத் தோலோடு சோற்றுப் பானையில் போடும் பழக்கம் துணுக்காயில் வீட்டுக்கார அக்காவிடமிருந்து எனக்குத் தொற்றியது. முதல் நியமனம் கிடைத்து அங்கே போனபோது மூன்று ஆசிரியைகள் அவர் வீட்டில் தங்கியிருந்தோம். அக்கா கணவரை இழந்தவர். ஒரே மகன் பிரான்சில். யாழ்ப்பாணத்துச் செம்மண்ணில் கிழங்குத் தோட்டம் செய்த குடும்பத்தில் பிறந்து, குளத்தின் கீழே காணி கிடைத்ததால் வன்னிக்கு வந்து நெல் விதைத்தவர். நெல் அவருக்குப் பிழைப்பு; பாசமெல்லாம் கிழங்கின் மேல்தான். அதிலும் சிவப்புத் தோல் கிழங்கு. சந்தையில் பெருவிரல் நகத்தால் தோலைச் சுரண்டிப் பார்த்து, உள்ளே மஞ்சளாகத் தெரிந்தால்தான் அது பைக்குள் விழும். வியாபாரி வேறெதையும் நீட்டினால், "உது மாக்கிழங்கு தம்பி, கறிக்குள்ள கரைஞ்சுபோம். என்னத்தைச் சாப்பிட்டனாங்கள் எண்டே தெரியாது" என்று முகத்தைத் திருப்பிக்கொள்வார்.

சிவப்புக் கிழங்கு கரையாது. சதை மெழுகு போல இறுகியிருக்கும். பால்கறியில் துண்டு துண்டாக நிற்கும். செத்தல் மிளகாயும் வெங்காயமும் போட்டுப் பிரட்டி வாழையிலையில் கட்டித் தந்தால், பள்ளிக்கூடத்தில் மத்தியானம் அவிழ்க்கும்போதும் மூலை மழுங்காமல் இருக்கும். உலைக்குள் அரிசியோடு கிடந்து வெந்தாலும் வெடித்துச் சோற்றைக் கூழாக்காது. இரவுச் சாப்பாட்டுக்கு எத்தனை பேரோ அத்தனை கிழங்கு என்பது அக்காவின் வழக்கம். சோறு வடித்ததும் ஆளுக்கொன்றாகத் தட்டில் வைப்பார். சுடச்சுடத் தோலுரித்து, உப்பும் மிளகுத்தூளும் தொட்டுச் சாப்பிட வேண்டும். "வராட்டி வெள்ளணச் சொல்லிப்போடுங்கோ ரீச்சர், கிழங்கு போட்டிடுவன்" என்று தினமும் காலையில் படலை வரை வந்து சொல்வார். எனக்காக ஒரு கிழங்கு வேகிறது என்ற நினைப்போடு வீடு திரும்புவது எவ்வளவு பெரிய விஷயம் என்று அப்போது எனக்குத் தெரியாது.

நான் முல்லைத்தீவுக் கடற்கரைப் பிள்ளை. எங்கள் வீட்டில் மீனில்லாத சோறு காய்ச்சல்காரருக்குத்தான். கிழங்கின் குணம் எனக்கெங்கே தெரியும்? ஒரு மார்கழியில், நத்தார் விடுமுறைக்கு முன், எங்கள் வீட்டுப் பலகாரம் காட்டுகிறேன் என்று குசினிக்குள் நுழைந்து, அக்காவின் அருமைச் சிவப்புக் கிழங்கை அவித்து மசித்துக் கட்லட் உருட்டினேன். மசித்தது பசையாக இழுபட்டது. கொதித்த எண்ணெய்க்குள் விட்டதும் ஒவ்வொன்றாக வாய் பிளந்தது. அக்கா கதவு நிலையில் சாய்ந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "உதை மசிக்க ஏலாது ரீச்சர். உது என்னை மாதிரி, ஒருத்தருக்கும் வளைஞ்சு குடுக்காது!" பிறகு எல்லோருமாகத் தாச்சியை வழித்துச் சாப்பிட்டோம். கருகியதைக்கூட விடவில்லை.

ஒருத்தி கலியாணம் முடித்துப் போனாள். மற்றவள் இடமாற்றத்தில் போனாள். நானும் அக்காவும் மிஞ்சினோம். பிறகு எனக்கும் பூநகரிக்கு மாற்றம் வந்தது. சில மாதம் கழித்து ஒரு சனிக்கிழமை, சொல்லாமல் கொள்ளாமல் பஸ் மாறி மாறித் துணுக்காய்க்குப் போனேன். பொழுது சாய்ந்திருந்தது. அக்கா சோறு வடித்துக்கொண்டிருந்தார். பானையில் இரண்டு கிழங்கு.

"ஆரும் வருகினமோ அக்கா?"

"இல்லை ரீச்சர். ஒண்டைப் போட்டா அது பானைக்குள்ள முட்டிக்கொண்டு திரியும். அந்தச் சத்தம் எனக்குப் பிடியாது. ரெண்டெண்டா ஒண்டுக்கொண்டு அண்டிக்கொண்டு கிடக்கும்."

சொல்லிவிட்டு இரண்டாவது கிழங்கை என் தட்டில் வைத்தார். அன்று அவர் வாயெல்லாம் பல். நான் வராத நாட்களில் அந்தக் கிழங்கு யாருக்கு என்று நான் கேட்கவில்லை. கேட்கத் தோன்றவில்லை.

அடுத்த வருடம் மகன் அவரைத் தன்னிடம் கூப்பிட்டுக்கொண்டார். போன கிழமை தொலைபேசியில் பேசினோம். அங்கே சிவப்புக் கிழங்கு மூட்டை மூட்டையாகக் கிடைக்கிறதாம். சோற்றுக்குள் போடுகிறீர்களா என்று கேட்டேன். "எங்கை பிள்ளை" என்றார். ரீச்சர் என்று அழைப்பவர் முதல் தடவையாக என்னைப் பிள்ளை என்றார். "சின்ன ரைஸ் குக்கர், கிழங்கு போட்டா மூடி பூட்டாது. மகன் வேலையால வர மருமகள் போயிடுவா. எத்தினை போடுறதெண்டும் தெரியேல்லை."

நேற்று அந்தச் சத்தம் தாங்காமல் இன்னொரு கிழங்கைக் கழுவிப் பானைக்குள் போட்டேன். சத்தம் அடங்கியது. ஆனால் பிந்திப் போட்டதால் சோறு வெந்த பிறகும் அது பாதி வேகாமல் கிடந்தது. இன்று காலை அதை வெட்டி, வெங்காயத்தோடு வதக்கி, குசினியில் நின்றபடியே தனியாகச் சாப்பிட்டேன். சாப்பிட்டுக்கொண்டிருந்தபோதுதான், அக்காவிடம் கேட்காமல் விட்ட கேள்விக்கு விடை கிடைத்தது. நானும் போன பிறகு, அத்தனை மாதமும், ஒவ்வொரு காலையும் அவர் மிஞ்சிய இரண்டாவது கிழங்கை இப்படித்தான் நின்று சாப்பிட்டிருப்பார். அழுகை வந்தது, யாரும் பார்க்கவில்லை என்பதால் அடக்கவில்லை.

இதை எழுதும்போது உலை கொதிக்கிறது. இன்று அரிசியோடேயே இரண்டு கிழங்கையும் போட்டுவிட்டேன்.