பூட்ஸ் வைத்துப் படைத்த வீடு

என் மாமியார் கிளியம்மாளின் கருமாதிக்கு வந்தவர்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். யாரோ தொண்ணூற்றொன்றாம் வருடத்துப் படையலைப் பற்றிப் பேச்செடுத்துவிட்டார்கள். அழ வந்த என் அம்மாவே முந்தானையைக் கடித்துக்கொண்டு குலுங்கினாள்.

கிளியம்மாள் யாரையும் அந்நியராக விட்டுவைத்ததில்லை. பஸ் கண்டக்டர் அவளுக்குக் கொழுந்தன், கீரைக்காரி நாத்தனார்.

பென்னலூரில் அவள் வீட்டுக் கல்யாணம் என்றால் முதலில் பூவாடைக்காரிக்குப் படைப்பார்கள். சுமங்கலியாகப் போய்ச் சேர்ந்த அந்தக் குடும்பத்துப் பெண்தான் பூவாடைக்காரி. மற்ற வீடுகளில் அவளுக்குப் புதுப்புடவை வைப்பார்கள். இங்கே மட்டும் புடவையோடு ஆண்பிள்ளை பூட்ஸ் ஒரு ஜோடியும் ஒரு சுருட்டும் இருக்கும். ஏன் என்று கேட்டால், ‘அவ கேட்டா, குடுக்கறோம். உனக்கு இன்னா?’ என்பாள் கிளியம்மாள்.

அவள் மகள் ரத்னாவுக்கு இரண்டு இடம் கைகூடி வந்து தட்டிப்போயிருந்தன. மூன்றாவது இடம் வாலாஜாபாத்தில் இருந்த நான். என் அம்மா பாப்பம்மாளுக்கு எதிலும் லேசில் திருப்தி வராது. இந்த இடமாவது கூடட்டும் என்று கிளியம்மாள் முன்கூட்டியே வைத்த படையலன்று, ‘சும்மா பாத்துட்டு வரலாம்’ என்று என்னையும் இழுத்துக்கொண்டு வந்துவிட்டாள்.

அன்றைக்குப் பார்த்து மிஷன் பள்ளி சாம்சன் வாத்தியார் ஒரு வெள்ளைக்கார அம்மாவைக் கூட்டிவந்தார். பெயர் மார்த்தா. தன் முன்னோரில் ஒருத்தியான ரெபெக்காவைத் தேடிக்கொண்டிருந்தார். அமெரிக்காவில் காடு வெட்டிக் குடியேறிய கூட்டத்தில் வளர்ந்தவளாம் ரெபெக்கா. ஆண்பிள்ளை பூட்ஸை மாட்டிக்கொண்டு, சுருட்டுப் பிடித்தபடி மாட்டுவண்டி ஓட்டுவாளாம். பாதிரியாரைக் கட்டிக்கொண்டு இந்தப் பக்கம் வந்தவளைக் காலரா கொண்டுபோயிற்று. பென்னலூரில் ஏதோ ஒரு வயலில் புதைத்தார்களாம்.

சாம்சன் சொல்லச் சொல்ல, எல்லாருடைய கண்ணும் படையல் இலைக்குப் பக்கத்திலிருந்த பூட்ஸுக்குப் போனது. மார்த்தா அப்படியே தரையில் உட்கார்ந்து அழுதார்.

அம்மா எழுந்துவிட்டாள். ‘டேய் ஸ்ரீதரு, கெளம்புடா. வெள்ளக்காரிக்குப் படைக்கற வூட்ல பொண்ணு எடுத்தா ஊரு சிரிக்கும்!’

உள்ளே ரத்னாவின் கையிலிருந்து பாயசக் கரண்டி விழுந்த சத்தம் கேட்டது.

கிளியம்மாள் வாசலை மறித்து நின்றாள். ‘குந்துங்க சம்பந்தி. எங்க வயல்ல கீறவ எங்க வூட்டுப் பொண்ணுதான். பொறந்த வூட்லேர்ந்து ஒருத்தரும் எட்டிப் பாக்கலியேன்னு அவளுக்கும் கொறை இருந்திருக்கும். இப்பத்தான் வந்துகீறாங்க. ரத்னாவுக்கு இவங்க தாய்மாமன் மொறை. வாத்தியாரே, இன்னா சீர் கொணாந்தாங்கன்னு கேளுங்க!’

சாம்சன் நெளிந்துகொண்டே ஆங்கிலத்தில் சொன்னார். மார்த்தா பையைத் துழாவி மிட்டாய் பாக்கெட், மடக்குக் குடை, கொசு மருந்து, சுருட்டிய நீளத் தாள் எல்லாவற்றையும் தாம்பாளத்தில் வைத்தார். கிளியம்மாள் கொசு மருந்தைக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

‘இது இன்னா காயிதம்?’

‘அவங்க வம்சத்துல பொறந்தவங்க, கட்டிக்கினவங்க பேரெல்லாம் கீதும்மா’ என்றார் சாம்சன்.

‘அப்ப எங்க ரத்னா பேர எழுதச் சொல்லுங்க.’

மார்த்தா கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார். பென்சிலை எடுத்து, ரெபெக்காவின் பெயருக்குக் கீழே காலியாக இருந்த இடத்தில் ரத்னாவை எழுதினார்.

வாசல்வரை போன அம்மா எட்டிப் பார்த்தாள். பிறகு மெல்ல வந்து தாளுக்குப் பக்கத்தில் குந்தினாள்.

‘பக்கத்துல எங்க பையன் பேரு வரணுமே?’

‘ஊரு சிரிக்கும்னீங்களே சம்பந்தி?’

‘எவ சிரிப்பா? எழுதச் சொல்லுங்க வாத்தியாரே, ஸ்ரீதருன்னு. பென்சில்ல வாணாம். பேனாவுல.’