அமோனியாவுக்கு ஏற்றம் இல்லை

மூக்கைத் துளைத்து, கண்ணில் நீரை வரவழைத்து, தொண்டைக்குள் முள்ளாய் நிற்கும் நெடி அது. மழை பிடித்துவிட்டால் எங்கள் தேயிலைத் தோட்டத்து உரக் களஞ்சியமான "ஒர ஸ்டோரு"க்குள் அது குடிகொண்டுவிடும். அங்கேதான் அப்பா வேலை செய்தார். "சல்பேட்டு" என்று எல்லோரும் சொல்லும் அமோனியம் சல்பேற்று மூட்டைகளை அடுக்குவதும் தேயிலை மலைக்கு அளந்து அனுப்புவதும் அவர் வேலை. இருமிக்கொண்டேதான் வீட்டுக்கு வருவார்.

அறுபதுகளின் தொடக்கம். தலவாக்கலைக்கு மேலே இருந்த எங்கள் தோட்டத்திலிருந்து ஹற்றனுக்கு பஸ் ஏறி விஞ்ஞானம் படிக்கப் போனவள் நான் ஒருத்திதான். வகுப்பில் பட்டணத்துப் பிள்ளைகள் முன்வாங்குகளில் சேர்ந்து உட்காருவார்கள். கடைசி வாங்கில் நான் தனியாக இருப்பேன். மாலையில் தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்துக்குத் திரும்பினால், கொழுந்தெடுத்துவிட்டு வாசலில் பேசிக்கொண்டிருக்கும் என் வயதுப் பெண்கள், "படிக்கிற புள்ள வருது" என்று பேச்சை நிறுத்திவிடுவார்கள்.

அந்தத் தவணையில் அமிலமும் இணைமூலமும் பாடம். அமிலம் ஒரு புரோத்தனைக் கொடுத்துவிட்டால் மிஞ்சுவது அதன் இணைமூலம் என்று யாழ்ப்பாணத்து ஆசிரியர் கரும்பலகையில் எழுதினார். ஐதரோகுளோரிக்கமிலத்திலிருந்து மறையேற்றமுள்ள, அதாவது மைனஸ் மின்னேற்றமுள்ள, குளோரைட்டு வந்தது. நீரிலிருந்து மறையேற்றமுள்ள ஐதரொட்சைட்டு வந்தது. இணைமூலம் என்றாலே மறையேற்றம்தான் என்று நான் முடிவுகட்டிக்கொண்டேன். சோதனையில் அமோனியம் அயனின் இணைமூலம் கேட்டிருந்தார்கள். அமோனியா என்று எழுதி, தலையில் ஒரு மறைக்குறியும் போட்டேன். சிவப்பு மையில் பிழை விழுந்தது. "எல்லாருக்கும் விளங்கினதுதானே?" என்று கேட்டுவிட்டு ஆசிரியர் அடுத்த பாடத்துக்குப் போய்விட்டார். விளங்கவில்லை என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

ஒரு சனிக்கிழமை அப்பாவுக்குச் சோறு கொண்டுபோனேன். கூரைத்தகரம் ஒழுகி சல்பேட்டு மூட்டைகள் நனைந்திருந்தன. லயங்களுக்கு வெள்ளையடிக்க வாங்கிவைத்த சுண்ணாம்பு மூட்டையும் பக்கத்திலேயே கிழிந்து, இரண்டும் தரையில் குழம்பாய்க் கலந்து கிடந்தன. அப்பா கூட்டி அள்ளிக்கொண்டிருந்தார்.

"கிட்ட வராத புள்ள, கண்ணு எரியும்!"

எரியத்தான் செய்தது. ஆனால் நான் அந்த ஈரத்தையே பார்த்துக்கொண்டு நின்றேன். அமோனியத்திடம் ஒரு நேரேற்றம், ஒரு பிளஸ், இருக்கிறது. சுண்ணாம்பின் ஐதரொட்சைட்டு அதனிடமிருந்து ஒரு புரோத்தனைப் பிடுங்கி நீராகிவிடுகிறது. புரோத்தன் போகும்போது தன் நேரேற்றத்தையும் கொண்டுபோய்விடும். ஒன்றிலிருந்து ஒன்று போனால் பூச்சியம். மிஞ்சுகிற அமோனியாவுக்கு ஏற்றமே இல்லை. அதனால்தான் சல்பேற்றோடு ஒட்டிக்கிடக்காமல் வாயுவாகக் கிளம்பி என் கண்ணைக் கரிக்கிறது! இணைமூலத்தின் ஏற்றம் அமிலத்தின் ஏற்றத்தைவிட ஒன்று குறைவு. அது மறையாகத்தான் இருக்கவேண்டும் என்பதில்லை.

கண்ணீரோடு சிரித்தேன். யாரிடமாவது சொல்லவேண்டும்போல் இருந்தது. வீட்டுக்குப் போய்ப் பக்கத்துக் காம்பரா வீட்டில் இருந்த புஷ்பத்திடம் சொல்லிப் பார்த்தேன். "அதுக்கு ஏத்தம் இருந்தா என்னா, இல்லாட்டி என்னா? எரியுதுல்ல?" என்று அவள் கூடையைக் கழுவப் போய்விட்டாள்.

திங்கட்கிழமை பஸ்ஸுக்குப் போகும் வழியில், ஸ்டோர் வாசலில் தோட்ட வேலைகளை மேற்பார்க்கும் கண்டாக்கையா அப்பாவைத் திட்டிக்கொண்டிருந்தார். "மூட்டைய நனைய விட்டுட்டு என்னா பண்ணிக்கிட்டு இருந்த? நாத்தம் தொர பங்களா வரைக்கும் வருது!" அப்பா தலையைக் குனிந்து நின்றார்.

"ஐயா, தண்ணி மட்டும் காரணமில்லீங்க. சுண்ணாம்பும் சேந்துருச்சு. அத வேற எடத்துல வச்சா இந்த நெடி வராதுங்க" என்றேன்.

கண்டாக்கையா என்னைப் பார்த்தார், என் புத்தகங்களைப் பார்த்தார், போய்விட்டார். அப்பா என் கையைப் பிடித்து ஓரமாக இழுத்தார். "ஒனக்கு என்னாத்துக்கு இந்தப் பேச்சு? என் வேல போயிருச்சுன்னா நம்ம எங்க போறது?" அந்த வாரம் வெள்ளிக்கிழமை சுண்ணாம்பு மூட்டைகளைப் பழைய மாட்டுக்கொட்டிலுக்கு மாற்றினார்கள். யார் சொல்லி மாற்றினார்கள் என்று எவரும் பேசவில்லை. அந்த மழைக்காலத்தில் அப்பாவின் இருமல் குறைந்தது.

நான் பின்னாளில் இரசாயன ஆசிரியையாகி, இந்தப் பாடத்தையே பல வருடங்கள் நடத்தினேன். போன மாதம் அந்தத் தோட்டத்துக்குப் போயிருந்தேன். ஸ்டோர் இருந்த இடத்தில் வெறும் தளம்தான் கிடக்கிறது. எங்கள் லயத்து ஆட்களில் பாதிப்பேர் இரு நாட்டுக் குடியுரிமை ஒப்பந்தத்துக்குப் பிறகு கப்பலேறி இந்தியாவுக்குப் போனார்கள். புஷ்பம் எந்த ஊரில் இருக்கிறாள் என்று சொல்ல அங்கே ஆளில்லை. அப்பா காலமாகி வெகுகாலமாகிவிட்டது. எத்தனையோ பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தேன். அந்த மூட்டைகளுக்குள் என்ன நடந்தது என்று அவரிடம் மட்டும் நான் உட்கார்ந்து சொன்னதேயில்லை; அவரும் கேட்டதில்லை.