அண்ணாச்சி திருப்பி அனுப்பிய ஸ்பீக்கர்

அன்று காலை ராஜபாளையம் சந்தையில் கத்தரிக்காய் பொறுக்கிக்கொண்டிருந்தபோது அண்ணாச்சியின் மனைவி பார்வதி மதினியின் அழைப்பு வந்தது. "அவிய போயிட்டாவ தம்பி. காப்பி கேட்டாவ, கொண்டு வாறதுக்குள்ள போயிட்டாவ" என்றார். பொறுக்கிய காயைத் தட்டிலேயே விட்டுவிட்டு ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ் ஏறினேன். வழியெல்லாம் ஒரே எண்ணம்தான்: இனி ஞாயிற்றுக்கிழமை எங்கே போவது? சாவுச் செய்தி கேட்டவனுக்கு வரக்கூடிய எண்ணமா இது என்று என் மேலேயே எரிச்சல் வந்தது. ஆனால் சங்கரலிங்கம் அண்ணாச்சியின் மாடி அறைக்கு ஒரு தடவையாவது வந்துபோன உங்களுக்கும் அதுதான் தோன்றியிருக்கும்.

அவரை அறியாதவர்களுக்காகச் சொல்கிறேன். ராஜபாளையத்தில் ஒரு நூற்பாலையில் முப்பது வருஷம் ஃபிட்டராக இருந்தார். நானும் அதே மில்தான். அவர் மெஷின்களுக்கு நடுவே இரைச்சலில் நின்றார். நான் நூலைச் சோதிக்கும் லேபில், கண்ணாடிக் கதவைச் சாத்திக்கொண்டு, மின்விசிறிக்கு அடியில் உட்கார்ந்திருந்தேன். மெஷின் ஓடும் இடத்தில் பேச்சு காதில் விழாது. வாயசைவைப் பார்த்தே பிடித்துக்கொள்வார்கள். அண்ணாச்சி அதில் கெட்டிக்காரர். நாலு வரிசை தள்ளி நின்று நான் முணுமுணுத்த வசவைக்கூட ஒரு தடவை பிடித்துவிட்டார். "அந்தச் சொல்ல உங்க அப்பாகிட்ட சொல்லிப் பாருலே" என்று சிரிக்காமல் சொன்னார். மில்லை விட்டு வெளியே வந்தாலும் அந்தப் பழக்கம் போகவில்லை. யாரோடு பேசினாலும் முகத்தை விட்டுக் கண்ணை எடுக்க மாட்டார். மரியாதை தெரிந்த மனிதர் என்று நினைத்துக்கொண்டோம்.

ஓய்வு பெற்றதும் மாடி அறையைப் பாட்டுக் கேட்பதற்கென்றே ஒழித்துப் போட்டார். எதிரொலி அடங்குவதற்காக மரச்சட்டங்களில் மில்லின் கழிவுப் பஞ்சை அடைத்து, காடாத் துணி போர்த்தி, சுவரெல்லாம் மாட்டினார். முதல் மாதம் முழுக்க எங்களுக்குத் தும்மல். "பாட்டு வேணும்னா செத்த நேரம் தும்மிட்டுக் கேளு" என்பார். ஞாயிறு காலை ஒன்பது மணிக்கு அவரோடு சேர்த்து ஐந்து பேர் கூடுவோம். நாகஸ்வரம், வீணை, பழைய சினிமாப் பாட்டு, எதுவானாலும் சரி. பாட்டு ஓடும்போது பேசக் கூடாது என்பது ஒன்றுதான் சட்டம்.

இரண்டு வருஷம் முன்பு ஒரு ஞாயிறு அவரே அந்தச் சட்டத்தை மீறினார். ஒரு நாகஸ்வரக் கச்சேரி ஓடிக்கொண்டிருந்தது. "கைத்தாளம் எங்கலே? பின்னால சிங் சிங்னு ஒருத்தர் தட்டிக்கிட்டே இருப்பாரு. இந்த ஸ்பீக்கர் அவரத் தின்னுட்டுது" என்றார். எங்கள் காதில் கைத்தாளம் தெளிவாக விழுந்துகொண்டிருந்தது. நாங்கள் நாலு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். "பழசாயிட்டுல்லா அண்ணாச்சி, மாத்திருவோம்" என்று முதலில் வாயைத் திறந்தவன் நான். கோளாறு ஸ்பீக்கரில் இல்லை என்பது அந்த நிமிஷமே எனக்குத் தெரியும்.

புது ஸ்பீக்கர் தேடல் அப்படித்தான் தொடங்கியது. ராஜபாளையத்துக் கடைக்காரர் தங்கமான மனிதர். கடையில் கேட்டுத் தீர்மானிக்க வேண்டாம், வீட்டில் ஒரு வாரம் வைத்துக் கேளுங்கள் என்று ஒவ்வொரு ஜோடியாக லோடு ஆட்டோவில் ஏற்றி அனுப்பினார். முதல் ஜோடி வெறும் அதிர்வு. கீழே மதினியின் அடுக்களைத் தட்டுகள்தான் ஆடின. இரண்டாவது ஜோடியில் வீணைக்காரரின் விரல் கம்பியில் உரசுவதுகூடக் கேட்டது. நாங்கள் சொக்கிப் போனோம். அண்ணாச்சி உதட்டைப் பிதுக்கினார். "இதுவும் திங்குதுலே" என்றார்.

மூன்றாவது ஜோடி வந்த ஞாயிறு அதே நாகஸ்வர சி.டி.யைப் போட்டார். எவர்சில்வர் பாத்திரத்தை ஆணியால் கீறுவது போலிருந்தது எங்களுக்கு. பல் கூசியது. அண்ணாச்சியோ நாற்காலி நுனிக்கு வந்துவிட்டார். "வந்துட்டுலே. தாளம் வந்துட்டு. கேக்கியா?" என்றார். கண்ணில் நீர் நின்றது. அந்த வயதில் ஒருவர் அவ்வளவு சந்தோஷப்பட்டு நான் பார்த்ததில்லை. "அருமையா இருக்கு அண்ணாச்சி" என்றேன். என் வாய் அவ்வளவுதான் சொன்னது. முகம் என்ன சொன்னதோ தெரியாது. முப்பது வருஷம் முகத்தைப் படித்தவர் எதிரே உட்கார்ந்திருந்தார்.

மூன்று நாளில் அந்த ஜோடியைத் திருப்பி அனுப்பிவிட்டு இரண்டாவதையே வாங்கிவிட்டார். ஏன் என்று கேட்டதற்கு, "யோசிச்சுப் பாத்தேன், உங்க காதுதான் நல்ல காது" என்றார். எங்களுக்கு அப்பாடா என்றிருந்தது. மேற்கொண்டு எதையும் கேட்கவில்லை.

அதற்கடுத்த ஞாயிறு அவர் நாற்காலி திரும்பியிருந்தது. இரண்டு ஸ்பீக்கருக்கும் நடுவில், அவற்றுக்கு முதுகைக் காட்டி, எங்களைப் பார்த்தபடி உட்கார்ந்தார். அதற்குப் பிறகு எப்போதும் அப்படித்தான். அலைந்து திரிந்து ஸ்பீக்கர் வாங்கி அதற்கே முதுகைக் காட்டுகிறவரைச் சும்மா விடுவோமா? "இன்னைக்குக் கச்சேரி உங்களுதா அண்ணாச்சி?" என்று கேலி செய்வோம். நான்தான் அதிகம் செய்தேன். அவரும் சிரித்துக்கொள்வார். ஆனால் என் கை மடியில் மெல்ல அசைந்தால் மட்டும் பொறுக்க மாட்டார். "கைய ஒளிச்சு வச்சித் தாளம் போடாதலே. தெரியிற மாதிரி போடு" என்று அதட்டுவார்.

பதினாறாம் நாள் காரியம் முடிந்து எல்லோரும் கிளம்பிய பிறகு மதினி சொன்னார். "அந்த மூணாவது செட்டு வந்த அன்னைக்கு, நீங்க போன பொறவு நாந்தான் சொன்னேன் தம்பி. பழைய ஸ்பீக்கர்லயே தாளம் நல்லா கேட்டுச்சு, அடுக்களைல நிக்க எனக்கே கேக்கும், இதுதான் காதக் கிழிக்குதுன்னேன். 'அப்ப அவனுவ எனக்காகப் பல்லக் கடிச்சிக்கிட்டு உக்காந்திருந்தானுவளா'ன்னு கேட்டாவ."

காதுக்கு மெஷின் வாங்கி மாட்டியும் பார்த்தாராம். பாட்டெல்லாம் தகரமாகக் கேட்கிறது என்று கழற்றி வைத்துவிட்டாராம். அந்த மூன்றாவது செட்டையே வைத்துக்கொண்டு நீங்கள் மட்டும் கேளுங்களேன் என்று மதினி சொல்லியிருக்கிறார். "தனியாக் கேக்கதுக்கு எதுக்கு ஏட்டி ஒரு ரூம்பு? அவனுவ கையப் பாத்தா தாளம் தெரியுது. எனக்கு அம்புட்டு போதும்" என்றாராம் அண்ணாச்சி.

இரண்டு வருஷம் அவர் எங்கள் கையைப் பார்த்துத்தான் தாளம் கேட்டிருக்கிறார். நான் அவரைக் கேலி செய்துகொண்டிருந்தேன். உண்மையை முதல் நாளே சொல்லக்கூடிய தைரியம் எனக்கு இல்லை. அவர் ஆசைப்பட்ட ஒன்று கைக்கு வந்தபோது என் முகம் அதைத் தட்டிவிட்டது. அதற்காக அவர் என்னிடம் ஒரு வார்த்தை வருத்தமாகப் பேசியதில்லை. பேசியிருந்தால் இன்று கொஞ்சம் லேசாக இருந்திருக்கும். ஞாயிறு வந்தால் எட்டரைக்கே சட்டையை மாட்டிக்கொண்டு நிற்கிறேன். 'தெரியிற மாதிரி போடு' என்ற அந்த அதட்டலை இன்னொரு தடவை கேட்க எவ்வளவு தூரம் வேண்டுமானாலும் போவேன்.

அவரிடமிருந்து எனக்கு மிஞ்சியது ஒரு பழக்கம். தாளத்தை மடியில் போட வரவில்லை. கை தன்னால் நெஞ்சுயரத்துக்கு எழும்பிவிடுகிறது. பஸ்ஸில் பாட்டு ஓடினாலும் அப்படித்தான், பக்கத்து சீட்டுக்காரர் ஒதுங்கி உட்காருகிறார்.

போன ஞாயிறு மதினி கூப்பிட்டு நாங்கள் நாலு பேரும் மாடிக்குப் போனோம். நாகஸ்வரம் ஓடியது. கைத்தாளம் பிசகாமல் கேட்டது. நாலு பேர் கையும் மேலேதான் இருந்தது. பார்ப்பதற்கு எதிரே ஆளில்லை என்று தெரிந்தும், பாட்டு முடியும்வரை ஒருவரும் கையை இறக்கவில்லை.