போர் விமானமும் குளவிக்கூடும்

பசறையிலிருந்து கொழும்புப் பத்திரிகைக்குச் செய்தி அனுப்பும் அஜந்தனுக்குக் குளவி என்றாலே வயிற்றெரிச்சல். மண்சரிவு, பஸ் விபத்து, குளவிக்கொட்டு என மலையகத்து நிருபரிடம் ஆசிரியபீடம் கேட்பது இவ்வளவுதான். அவனுக்கு உலகத்தில் வேறு எதுவுமே தெரியாது என்று அவர்களுக்கு நினைப்பு!

அவனுக்குத் தெரிந்தது விமானம். விமானப்படையின் கிழடு தட்டிய தாக்குதல் விமானங்களுக்குப் பதிலாக எதை வாங்குவது என்று மாதக்கணக்கில் படித்து, மண்டையை உடைத்துக்கொண்டு ஒரு கட்டுரை எழுதியிருந்தான். பழையதையே திருத்திப் பறக்கவிடுவதா, புதிதாக வாங்குவதா, உதிரிப்பாகத்துக்கு எந்த நாட்டின் காலில் விழுவது என்று எல்லாம் அதில் இருந்தது. ‘யாரோடு சண்டை என்று முதலில் சொல்லுங்கள், விமானத்தைப் பிறகு தேர்ந்தெடுக்கலாம்’ என்று முடித்திருந்தான். தன் பெயரோடு அது ஒரு தடவை அச்சில் வந்துவிட வேண்டும் என்ற ஆசை அவனைப் பிடித்து ஆட்டியது.

தொலைபேசியில் உதவி ஆசிரியர் சிரித்தார். "இடம் இருந்தா பார்ப்போம் தம்பி. அங்க குளவி கிளவி ஏதும் கொட்டலையா?"

அன்றைக்கே கொட்டியது. ஏழாம் நம்பர் மலையில் தேயிலைக் கொழுந்து பறித்த பெண்களைத் தோட்டத்து லொறியில் ஏற்றிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினார்கள். அதில் அஜந்தனின் அம்மா விஜயலெட்சுமியும் இருந்தாள். உயிருக்குப் பயமில்லை என்று டாக்டர் சொன்ன பிறகுதான் அவனுக்கு மூச்சே வந்தது. செய்தி அனுப்பக் கைப்பேசியை எடுத்தவன், அந்தச் சிரிப்பு நினைவுக்கு வர, வீம்பாகச் சட்டைப்பைக்குள் போட்டுவிட்டான். ஒரு நாளாவது குளவி இல்லாமல் பத்திரிகை நடத்திப் பார்க்கட்டும்!

அவன் அனுப்பும் ஊவா மாகாணச் செய்தி வராததால் அந்த இடம் காலியாகக் கிடந்தது. மறுநாள் அதில் விமானக் கட்டுரை, அவன் பெயரோடு, அரைப்பக்கத்துக்கு வந்திருந்தது.

தலைகால் புரியாத சந்தோஷத்தில் வார்டுக்கு ஓடினான். பக்கத்துக் கட்டில் அந்தோனியம்மா பத்திரிகையைப் பிடுங்கி, வீங்கிய கண்ணை இடுக்கிக்கொண்டு பக்கம் பக்கமாகத் தேடினாள்.

"எங்க சேதி எங்கப்பா?"

"என் கட்டுரை வந்திருக்குக்கா. இந்தாங்க, பேரோட."

"அது கெடக்கட்டும். கொளவி சேதி?"

அவன் பத்திரிகையை வாங்கி அம்மாவிடம் நீட்டினான். குளவிக்கூட்டை எடுக்கச் சொல்லி எத்தனை தரம் கெஞ்சினாலும் தோட்டத்தை நடத்தும் துரை அசையமாட்டார். பத்திரிகையில் வந்தால் மட்டும் அன்றைக்கே ஆளனுப்பிக் கூட்டை எடுப்பார். இது தோட்டத்தில் எல்லோருக்கும் தெரியும். அவனுக்கும் தெரியும்.

விஜயலெட்சுமி வீங்கிய விரலால் அவன் பெயரைத் தடவிப் பார்த்தாள்.

"நல்லாருக்குப்பா," என்றாள். "ஆனா கூடு மரத்துலயேதானே இருக்கு. இன்னைக்கும் பொம்பளைகள அந்த மலைக்குத்தான் அனுப்பியிருக்காங்க."