பீமுக்குக் கீழே அடுப்பு

திருப்புல்லாணியில் எங்கள் வீட்டுப் போர்டிகோவின் கான்கிரீட் பீம் உப்புக்காற்றில் விரிசல் விட்டிருந்தது. ஓர் இன்ஜினியர் உள்கம்பியின் துருவை நீக்கிப் பூசி, பீமுக்குப் பலம் சேர்க்க அடியில் கார்பன் ஃபைபர் பட்டையைப் பசையால் ஒட்டினார். "சூடு மட்டும் ஆகாதுண்ணே, பசை இளகிரும்" என்றார். அதை நான் வீட்டில் யாரிடமும் சொல்லவில்லை.

மகளின் காதுகுத்தன்று மழை கொட்டியது. காது குத்தும் ஆசாரியை அழைத்துக்கொண்டு திரும்பினேன். மனைவியின் அண்ணன் விறகடுப்பைப் போர்டிகோவுக்குள் மாற்றியிருந்தார். கறிக்குழம்பு கொதித்தது. பக்கத்திலேயே பந்தி உட்கார்ந்திருந்தது. மேலே பட்டை ஒரு முனையில் பிரிந்து தொங்கியது. பழைய விரிசல் வாய் பிளந்திருந்தது.

எனக்குக் கத்தவே வரவில்லை. "எல்லாரும் எந்திரிங்க, வெளிய போங்க" என்று மெதுவாகச் சொன்னேன்.

"மழையில எங்கன போறது மாப்ள?" என்றார் மச்சான். மேலே கையைக் காட்டினேன்.

எல்லாரும் மழையில் நின்றோம். சற்று நேரத்தில் பீமின் அடிப்பக்கம் பெயர்ந்து சோற்று இலைகளின்மேல் விழுந்தது. காதுகுத்தைப் பக்கத்து வீட்டில் வைத்து முடித்தோம்.

இப்போது புது பீம், அதிலும் பட்டை. யார் வந்தாலும், வாங்க என்பதற்கு முன் மேலே காட்டி, "இதுக்கடியில தீ மூட்டக்கூடாது" என்கிறேன். பால்காரரிடமும் சொல்லியாயிற்று.

காது குத்தும்போது பிள்ளை அழுதாளா என்று கேட்கிறார்கள். எனக்கு நினைவில்லை.