சித்தியின் சைக்கிள் விடை

என் சித்தி லண்டனுக்குப் போக முடியாமல் எங்கள் கொழும்பு வெள்ளவத்தை வீட்டில் தங்கி நின்றதற்கு ஒரு சைக்கிள்தான் காரணம். அதுவும் தெருவில் ஓடுகிற சைக்கிள் இல்லை, ஆங்கிலப் பேச்சுச் சோதனையில் கேட்கிற சைக்கிள்.

சித்தி அம்மாவின் தங்கை. கலியாணம் முடிந்த கையோடு சித்தப்பா லண்டனுக்குத் திரும்பிவிட்டார். அவரிடம் போவதென்றால் விசா வேண்டும். விசாவுக்கு அந்தச் சோதனையில் தேற வேண்டும். அதற்காக யாழ்ப்பாணத்திலிருந்து வந்து எங்களோடு இருந்து, காலி வீதியில் ஒரு மாடியில் நடந்த வகுப்புக்கும் போனார். முதல் தடவை சோதனையில், சைக்கிள் ஓட விருப்பமா என்று கேட்டிருக்கிறார்கள். சித்தி "யெஸ்" என்றாராம். சோதிக்கிற பெண் மேற்கொண்டு ஏதாவது வரும் என்று முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாராம். இவ்வளவு நேரம் காத்திருக்கிறாரே, பாவம் என்று சித்தி "தேங்க் யூ" என்றும் சொல்லியிருக்கிறார். அத்தோடு அந்தத் தடவை முடிந்தது.

வீட்டுக்கு வீடு சைக்கிள் நிற்கிற யாழ்ப்பாணத்தில் பிறந்து வளர்ந்த ஒரு பெண் போயும் போயும் சைக்கிளில் தோற்பதா என்று அப்பாவுக்கு ரோசம் வந்துவிட்டது. அவர் கொள்ளுப்பிட்டியில் ஒரு கம்பனியில் கிளார்க். தன்னுடைய ஆங்கிலத்தில் அவருக்கு அபார நம்பிக்கை. அடுத்த முறையும் சைக்கிள்தான் வரும் என்று எப்படியோ முடிவு கட்டிவிட்டார். வேலை விட்டு வந்து தேத்தண்ணீர் குடித்ததும் விடையைத் திருத்தத் தொடங்குவார். உடலுக்கு நல்லது என்று ஒரு வசனம் சேர்ந்தது. பிறகு சுற்றாடலுக்கு நல்லது. பிறகு பெற்றோல் மிச்சம். "ஹெல்மெட் போடுறதையும் சொல்லச் சொல்லுங்கோ, வெள்ளைக்காரருக்கு அதுதான் பிடிக்கும்" என்று சமையலறையிலிருந்து அம்மாவும் தன் பங்கைப் போட்டார். ஹெல்மெட் போட்டுச் சைக்கிள் ஓடிய எவரையும் எங்கள் குடும்பத்தில் யாரும் அதுவரை கண்டதில்லை.

சோதிக்கிற பெண்ணாக என்னை நியமித்தார்கள். எனக்கு அப்போது எட்டு வயது இருக்கும். அப்பாவின் மூக்குக்கண்ணாடியை மூக்கு நுனியில் வைத்துக்கொண்டு சாப்பாட்டு மேசையின் தலைப்பக்கத்தில் உட்காருவேன். அப்படியொரு அதிகாரம் அதற்குப் பிறகு எனக்கு எந்த வேலையிலும் கிடைக்கவில்லை. நான் கேள்வி கேட்டதும் சித்தி முகட்டைப் பார்த்தபடி மூச்சு விடாமல் ஒப்பிப்பார். இடையில் நான் தும்மினால் போச்சு, திரும்பவும் "யெஸ்" என்பதிலிருந்து தொடங்க வேண்டும். நானும் அடிக்கடி தும்மினேன்.

ஒருநாள் எனக்கு அலுத்துப்போய், உங்களுடைய சைக்கிள் எங்கே என்று ஆங்கிலத்தில் கேட்டுவிட்டேன். அப்பாவின் விடையில் அது இல்லை. சித்தி மேசையில் தலையைக் கவிழ்த்து அழத் தொடங்கினார்.

"அது ஊரிலை நிக்குது, பிள்ளை. எனக்கு இது சரிவராது அக்கா, நான் திரும்பிப் போறன். இந்த முறையும் விட்டால் அவரோட என்ன முகத்தோட கதைக்கிறது?"

அம்மா அடுப்பை நிற்பாட்டிவிட்டு வந்தார். "எழும்பு, கீழை வா" என்று மட்டும் சொன்னார்.

எங்கள் மாடிவீட்டுக் கட்டடத்துக்குக் காவல் இருந்த வாச்சர் ஒரு பழைய ஆண்கள் சைக்கிளில்தான் வேலைக்கு வருவார். அம்மா அவரிடம் சிங்களத்தில் கேட்டார். அவர் சித்தியின் நீளப் பாவாடையையும் சைக்கிளின் பாரையும் மாறி மாறிப் பார்த்துச் சிரித்துவிட்டுத்தான் கொடுத்தார். சித்தி என்னைத் தூக்கிப் பாரில் இருத்தி, பாவாடையை ஒரு கையால் ஒதுக்கிக்கொண்டு ஒரே உழக்கில் ஏறியபோது அவர் சிரிப்பை நிறுத்தினார்.

எங்கள் ஒழுங்கை கடலை நோக்கி இறங்குகிற சின்னத் தெரு. நாங்கள் பறந்தோம். எதிரே ஒரு பூனைகூட வராதபோதும் சித்தி மணியை அடித்தார். "இப்ப கேள்" என்று என் தலைக்கு மேலே சத்தம் வந்தது.

ஊரில் நிற்கிற சைக்கிள் என்ன நிறம் என்று கேட்டேன். சிவப்பு என்றார், ஆங்கிலத்தில். யாரையெல்லாம் ஏற்றினீர்கள்? அக்காவை, அரிசி மூட்டையை, ஒருதரம் ஆட்டுக்குட்டியை. ஆட்டுக்குட்டிக்கு ஆங்கிலச் சொல் வரவில்லை, அதனால் கத்திக் காட்டினார். நான் சிரித்த சிரிப்பில் சைக்கிளே ஆடியது. சொற்கள் முன்னே பின்னே, பிழையோடும் வந்தன. ஆனால் நிற்காமல் வந்தன. ரயில் பாதையடியில் திரும்பியபோது மழை பிடித்துக்கொண்டது. "ரெயின் கமிங், ஐ டோன்ட் கெயார்!" என்று சித்தி கடலைப் பார்த்துக் கத்தினார்.

வாசலில் அம்மா குடையோடு நின்றார். வரச் சொல்லி ஏசப்போகிறார் என்று நினைத்தேன். அவர் குடையை மடக்கிவிட்டுப் பின்னால் கரியரில் ஏறிக்கொண்டார். "இன்னொருக்கா போ. முந்தி மாதிரி உழக்கு பாப்பம்."

அந்த நேரம் பார்த்து அப்பா வேலை விட்டு வந்தார். தன் குடும்பம் முழுவதும் ஒரே சைக்கிளில் மழையில் போவதைப் பார்த்தவர், "சுற்றாடலைச் சொன்னவளோ?" என்றுதான் கேட்டார்.

பிறகு சோதனை வரும்வரை மாலை வகுப்பு சைக்கிளிலேயே நடந்தது. நான் அவ்வளவு சந்தோஷமாக வேறெப்போதும் இருந்ததாக நினைவில்லை. சோதனையில் சைக்கிள் வரவே இல்லை. மழை நாளில் என்ன செய்வீர்கள் என்று கேட்டார்களாம். சித்தி வாச்சரின் சைக்கிளில் தொடங்கி அம்மாவின் மடக்கிய குடை வரைக்கும் சொல்லியிருக்கிறார். மேசைக்குக் கீழே தன் கால்கள் உழக்கிக்கொண்டே இருந்தன என்று பிறகு சொன்னார்.

தேறிவிட்ட செய்தி வந்த அன்று அப்பா ரிபன் கேக் வாங்கிவந்தார். சித்தி என்னைத் தூக்கிச் சுற்றினார். சித்தி லண்டனுக்குப் போவார் என்பது எனக்குத் தெரியாததல்ல. கொட்டாஞ்சேனையில் பெரியம்மா வீட்டுக்குப் போனால் பொழுதுபட பஸ் ஏறித் திரும்பி வருவோம். லண்டனும் அப்படித்தான் என்று நினைத்திருந்தேன்.

"அடுத்த சோதனைக்கு எப்ப சைக்கிள் எடுக்கிறது, சித்தி?" என்று கேட்டேன்.

அப்பா சிரித்தார். சித்தி என்னைக் கீழே இறக்கிவிட்டார். அம்மா கேக் வெட்டிய கத்தியைக் கழுவச் சமையலறைக்குப் போனார். அங்கே நெடுநேரமாகத் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. ஒரு கத்தியைக் கழுவ அவ்வளவு தண்ணீர் எதற்கு என்று நான் அப்பாவிடம் கேட்டேன்.